ஓட்டின் மேல் ஒரு தோல்

பங்குனியை ஒட்டி ராயபுரத்தில் இரண்டு பண்டிகைகள் வருகின்றன. மார்ச் 21 அன்று பார்சிகளின் ஜம்ஷேதி நவ்ரோஸ். சென்னையில் அவர்களுக்கு இருக்கும் ஒரே அக்னி ஆலயம் ராயபுரம் அரத்தூன் சாலையில்தான் இருக்கிறது, 1910இல் எழுப்பப்பட்டது. நவ்ரோஸ் முடிந்து சில நாள்களிலோ சில வாரங்களிலோ ஈஸ்டர். படகுத் தொழிலாளர் சமூகம் தன் உழைப்பில் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் தொடங்கி எண்ணூர் வரைக்கும், கடலோரத் தேவாலயங்கள் எல்லாம் பாஸ்கா திருவிழிப்புக்கு நிரம்பிவிடும்.

இரண்டு பண்டிகைக்கும் பொதுவாக ஒரு பொருள் உண்டு: வண்ணமிட்ட முட்டை. நவ்ரோஸ் மேசையில் கண்ணாடி, விளக்கு, நாணயம், பன்னீர் ஆகியவற்றோடு வண்ண முட்டைகளும் வைக்கப்படும். ஈஸ்டர் முட்டையைச் சென்னையில் பலருக்கும் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்கரை முட்டையாகவோ சாக்லேட் முட்டையாகவோதான் தெரியும். அதற்கு முந்தையது, வீட்டிலேயே வேகவைத்துச் சாயமேற்றும் உண்மையான கோழி முட்டை. ராயபுரத்துக்குத் தெற்கே, ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் 1712இல் கட்டப்பட்டு 1772இல் மீண்டும் எழுப்பப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் நிற்கிறது. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஈஸ்டருக்கு வெங்காயத் தோலில் முட்டையை வேகவைத்துச் சிவக்கவைப்பது ஆர்மீனியர்களின் வழக்கம்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து முட்டைக்குச் சாயமிடும்போது, நல்ல அறிவியல் கேள்வி ஒன்று கைக்கு வந்து சேர்கிறது. ஓடு கல்லைப் போல் கெட்டியானது. அதன்மேல் ஏறிய நிறம், குழாயடியில் காட்டினாலும் ஏன் ஓடிப்போவதில்லை? நிறத்தைப் பிடித்துவைத்திருப்பது எது?

வெளிச்சம் கூடினால் முட்டை

முதலில், வசந்தத்துக்கும் முட்டைக்கும் என்ன உறவு என்று பார்ப்போம். இரண்டு பண்டிகையும் வானத்தின் ஒரே நிகழ்வைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன. நவ்ரோஸ் அந்த நாளிலேயே வருகிறது. ஈஸ்டருக்குக் கணக்கு வேறு: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கோழியும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. பறவைகளுக்கு ஒளியை உணரும் செல்கள் கண்ணில் மட்டும் இல்லை. மூளையின் ஆழத்திலும் உள்ளன. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே நுழையும் வெளிச்சம் அவற்றை எட்டுகிறது. பகல் நீளநீள, மூளையிலிருந்து புறப்படும் ஹார்மோன்கள் முட்டையகத்தை எழுப்பிவிடுகின்றன. லண்டனில் டிசம்பர்ப் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது; ஜூன் பகலோ 16 மணி நேரத்தைத் தாண்டும். டெஹ்ரானிலும் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் ஏறத்தாழ 5 மணி நேர வித்தியாசம் உண்டு. மின்விளக்கு வருவதற்கு முன், அந்த ஊர்களில் குளிர்காலம் முழுவதும் கோழிகள் முட்டையிடுவது அரிது. பகல் நீளத் தொடங்கிய பிறகு முட்டைகள் குவியும். கிறிஸ்தவ நாடுகளிலோ அதே நேரத்தில் தவக்காலம். பல நூற்றாண்டுகள் அந்த நாள்களில் முட்டை விலக்கப்பட்ட உணவாக இருந்தது. கோழி நோன்பு பார்ப்பதில்லை. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகள் ஈஸ்டர் அன்று மொத்தமாகச் சமையலறைக்கு வந்தன.

சென்னையின் நிலை வேறு. நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே இருக்கும் நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால்தான் முட்டைக்கென்று ஒரு பருவம் நம் வழக்கத்தில் உருவாகவில்லை. நாமக்கல் பண்ணைகள் அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. கொட்டகைக்குள் விளக்குப் போட்டுக் கோழிக்கு ஆண்டு முழுவதும் நீண்ட பகலைக் கொடுக்கின்றன. அண்ணாச்சி கடை அட்டையில் எந்த மாதமும் அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டை, விளக்கு வெளிச்சம் உண்டாக்கிய வசந்தத்தில் பிறந்தது. சாயமிடுவதற்கு அந்த வெள்ளையே மிகப் பொருத்தம்.

கல்லும் தோலும்

முட்டை ஓட்டில் 94, 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்கிலும் இருப்பது இதே பொருள்தான். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. உள்ளே வளரும் குஞ்சு மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான்.

காற்று நுழையும் வழியில் கிருமியும் நுழையலாம். அதைத் தடுக்க, முட்டையிடுவதற்குச் சற்று முன் கோழியின் உடல் கடைசி வேலை ஒன்றைச் செய்கிறது: ஓடு முழுவதற்கும் மெல்லிய புரதப் படலம் ஒன்றைப் பூசுகிறது. உயிரியலாளர்கள் இதற்குக் ‘கியூட்டிகிள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டின் தோல் என்று நாம் சொல்லலாம். இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. முட்டை வெளியே விழும்போது இது ஈரமாக இருக்கும். சில நிமிடங்களில் காய்ந்து துளைகளின் வாயை மூடிவிடும். அமெரிக்காவில் முட்டைகளைக் கழுவித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அதில் இந்தத் தோல் தேய்ந்துபோவதால் முட்டைகளைக் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் முட்டை பெரும்பாலும் கழுவாமலே கடைக்கு வருகிறது. அதன் தோல் அப்படியே இருக்கிறது.

சாயத்தைப் பிடிப்பது இந்தத் தோல்தான். கல் உறுதியைத் தருகிறது. நிறத்தைத் தாங்குவது அதன் மேலிருக்கும் புரதம்.

ஆய்வகங்களும் இதை நம்பி வேலை செய்கின்றன. ஸ்காட்லாந்தில், டாலி என்ற ஆட்டை 1996இல் படியாக்கம் செய்ததால் பெயர்பெற்ற ரோஸ்லின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், முட்டைத் தோல் எவ்வளவு முழுமையாகப் படிந்திருக்கிறது என்பதை அளக்க முட்டைகளைச் சாயத்தில் முக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை டார்ட்ரசின் என்ற மஞ்சளும் க்ரீன் எஸ் என்ற பச்சையும். தோல் நன்றாகப் படிந்த முட்டையில் சாயம் அடர்த்தியாக ஏறும். குறைந்த இடத்தில் வெளுத்துத் தெரியும். நல்ல தோல் உள்ள முட்டையைக் கிருமி எளிதில் துளைப்பதில்லை. அந்தப் பண்பு தாய்க்கோழியிடமிருந்து மகளுக்குப் போகிறது என்றும் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய அதே டார்ட்ரசின்தான் நம் மளிகைக்கடை மஞ்சள் கேசரிப் பவுடரிலும் பெரும்பாலும் இருக்கிறது.

நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பும் ஓட்டின் வெளிப்புறத்திலேயே தங்கியிருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமுக்கு நெருங்கிய உறவான புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் அது. வினிகர் தோய்த்த துணியால் பழுப்பு முட்டையைத் துடைத்தால் பழுப்பு துணியில் வந்துவிடும். அடியில் வெள்ளை தெரியும். சிலி நாட்டின் அரக்கானா கோழி இடும் நீல முட்டையின் கதை வேறு. அந்த நிறம் ஓட்டின் முழுத் தடிமனிலும் ஊறியிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. என்றோ கோழியின் மரபணுத் தொகுப்புக்குள் புகுந்துகொண்ட ஒரு வைரஸின் துண்டுதான் அந்த நீலத்துக்குக் காரணம் என்பது 2013இல் தெரியவந்தது.

கிண்ணத்துக்குள் நடப்பது

வேலையைத் தொடங்குவோம். முட்டைகளைக் குளிர்ந்த நீரிலிருந்தே வேகவைத்து, ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். தேய்க்க வேண்டாம்; நமக்குத் தோல் வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் உணவுச் சாயம் ஒரு சிட்டிகை, வினிகர் ஒரு தேக்கரண்டி. முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள். இன்னொரு டம்ளரில் அதே சாயம், அதே வெந்நீர், வினிகர் மட்டும் வேண்டாம். அதிலும் ஒரு முட்டை, அதே ஐந்து நிமிடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வினிகர் உள்ளதில் நிறம் ஆழமாக இருக்கும். இல்லாததில் வெளிறி இருக்கும். பிள்ளைகள் ‘ஏன்?’ என்று கேட்பார்கள்.

டார்ட்ரசின் போன்ற உணவுச் சாயங்களின் மூலக்கூறில் சல்ஃபோனேட் என்ற தொகுதிகள் உண்டு. நீரில் கரைந்ததும் அவை எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. முட்டைத் தோல் புரதம்; புரதத்தில் அமினோ தொகுதிகள் உண்டு. வினிகர் ஊற்றினால் நீரில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகுகின்றன. அவை அமினோ தொகுதிகளில் போய் ஒட்டிக்கொள்ள, தோலின் மேற்பரப்பு நேர் மின்னூட்டம் பெறுகிறது. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கின்றன. சாயம் தோலில் அமர்ந்துவிடுகிறது. வினிகர் இல்லாத டம்ளரில் அந்த இழுப்பு மிகக் குறைவு.

கூர்ந்து பார்த்தால், வினிகர் டம்ளரில் முட்டையைச் சுற்றிச் சிறு குமிழிகள் தெரியும். அசிட்டிக் அமிலம் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கரைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இது அளவோடு இருக்க வேண்டும். ‘நிறைய ஊற்றினால் நிறைய நிறம் வருமா?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். செய்து பார்க்க விடுங்கள். வினிகர் மிகுந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் கல் கரைந்து, தோலும் அதில் ஏறிய நிறமும் சேர்ந்து திட்டுத் திட்டாக உரிந்துவரும். நிறம் எங்கே தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. சாயமிட்ட முட்டையை உரிக்கும்போது ஓட்டின் உடைந்த விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நூல்போல் ஒரு வண்ணக் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை.

பட்டும் பருத்தியும், 1856உம்

அதே வினிகர் டம்ளரில் இன்னும் இரண்டு பொருள்களைப் போடலாம்: பட்டுச்சேலைக் குஞ்சத்திலிருந்து ஒரு வெளிர்நிற இழை, வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு பருத்தி இழை. பத்து நிமிடம் கழித்து இரண்டையும் குழாய் நீரில் அலசினால், பட்டில் நிறம் நிற்கும். பருத்தியிலிருந்து பெரும்பாலும் ஓடிவிடும். பட்டு, புழு உண்டாக்கிய புரதம். பருத்தி, செடி உண்டாக்கிய செல்லுலோஸ். அதில் அமினோ தொகுதி இல்லை. சாயத்தின் கண்ணுக்கு முட்டையும் பட்டும் ஒரே இனம்.

பருத்தியைச் சாயம் பிடிக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்தக் கடற்கரைக்கு நன்றாகத் தெரியும். திருவொற்றியூரில் இருக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். துணியை வெளுப்பவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை ராயபுரத்தை ஒட்டியே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் துணிக்கு உலகச் சந்தையில் மதிப்புக் கூட்டியது அதன் சிவப்பு. மணற்பாங்கான கரையோரத்தில் வளரும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரிலிருந்து அந்தச் சிவப்பு வந்தது. சாயவேர் என்று சொல்வார்கள். அதில் இருப்பது அலிசரின்.

அலிசரின் வெறும் பருத்தியில் நிற்காது. அதனால் சாயக்காரர்கள் துணியை முதலில் படிகாரத்தில் தோய்த்தார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் பருத்தியையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கும் இப்படிப்பட்ட பொருளை நம் பாடநூல்கள் நிறமூன்றி என்கின்றன. துணியில் நிறமூன்றி பட்ட இடத்தில் மட்டுமே சிவப்புப் பிடிக்கும் என்பதை அறிந்து, அதை வைத்தே பூவும் கொடியும் வரைந்தார்கள். மூலக்கூறு என்ற கருத்து பிறப்பதற்கு முன்பே, சோதித்துச் சோதித்து அவர்கள் சேர்த்துவைத்த வேதியியல் அது.

1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, அதே ஆண்டின் ஈஸ்டர் விடுமுறையில், லண்டனின் கப்பல்துறைப் பகுதியான ஷாட்வெல்லில் 18 வயது மாணவர் ஒருவர் தன் வீட்டு அறையில் சோதனை செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் வில்லியம் பெர்கின். மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கிடைத்தது ஒரு கறுப்புக் கசடு. குடுவையைச் சாராயத்தால் கழுவியபோது அது ஊதாவாகக் கரைந்தது. அவர் அதைக் கொட்டிவிடவில்லை. ஒரு பட்டுத்துண்டை அதில் தோய்த்தார். நிறம் துவைத்தும் போகவில்லை, வெயிலிலும் மங்கவில்லை. செயற்கைச் சாயத் தொழில் அந்த ஊதாவிலிருந்துதான் வளர்ந்தது. அந்தச் சாயமும் பட்டில் தானாக ஏறியது. பருத்திக்கு டானின் என்ற நிறமூன்றி தேவைப்பட்டது. பதின்மூன்றே ஆண்டுகளில், 1869இல், செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை கேட்டவர்களில் பெர்கினும் ஒருவர். அதன்பின் சாயவேரைத் தோண்டுவோர் குறைந்துபோனார்கள். இன்று நாம் டம்ளரில் போடும் கேசரிப் பவுடர் அந்த ஈஸ்டர் விடுமுறையின் வாரிசு.

சமையலறையில் இருக்கும் நிறங்கள்

கடைச் சாயமே வேண்டாம் என்றாலும் பண்டிகை நடக்கும். வெங்காயத்திலிருந்து தொடங்கலாம். வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு வாரம் சேர்த்துவையுங்கள். குவர்செட்டின் என்ற பொருளும் அதன் உறவினங்களும் அந்தத் தோலில் நிறைய உள்ளன. அவை புரதத்தோடு எளிதாகச் சேரும். தோலை நீரில் கொதிக்கவைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு, அதிலேயே முட்டையை வேகவைத்தால் செங்கல் நிறம் வரும். ஊறவிட்டால் கருஞ்சிவப்பு. கொத்தமல்லித் தழையையோ முருங்கை இலையையோ முட்டையின்மேல் படியவைத்து, பழைய மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி வேகவையுங்கள். கட்டை அவிழ்த்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக, நரம்போடு பதிந்திருக்கும். மெழுகுவத்தியால் வெறும் முட்டையில் கோலம் போட்டு, ஆறிய சாயத்தில் முக்கினாலும் இதே விளைவு: மெழுகு படிந்த இடத்தில் சாயம் தோலைத் தொடவே முடியாது. உக்ரைன் நாட்டின் பிசாங்கா முட்டைகள் முழுவதும் இந்த உத்தியில் உருவானவை.

மஞ்சள் நமக்கு மிக நெருக்கமான சாயம். இரண்டு கரண்டி மஞ்சள்தூள் கலந்த நீரில் முட்டையை வேகவைத்து எடுத்தால் பொன்னிறம். இதற்கு மேலும் ஒரு படி போகலாம். திருமண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தைக் கண்டதும் அமைப்பு மாறிச் சிவக்கிறது. மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பதும் இதனால்தான். எனவே மஞ்சள் முட்டையின்மேல் சோப்பு நீரில் தோய்த்த குச்சியால் வரைந்தால் செம்பழுப்புக் கோடுகள் எழும். எலுமிச்சைச் சாறு தொட்டால் அந்த இடம் மறுபடி மஞ்சளாகும். எழுதவும் அழிக்கவும் முடிகிற முட்டை அது. சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பெருங்கேடு. சோப்பு நீரே போதும்.

குர்குமினுக்கு வெயில் ஆகாது. மஞ்சள் முட்டையின்மேல் கறுப்பு டேப்பை நட்சத்திரமாக வெட்டி ஒட்டி மொட்டைமாடியில் வைத்தால், திறந்திருக்கும் பக்கம் வெளிறிவிடும். டேப்பை உரித்தால் நட்சத்திரம் மஞ்சளாகத் தெரியும். இதற்கு வெற்று ஓட்டைப் பயன்படுத்துங்கள். இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றைச் செலுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்; அதை நன்றாக வேகவிட்டுப் பொடிமாஸ் செய்துவிடலாம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம் என்பதால் வாயால் ஊத வேண்டாம்.

ஊதா முட்டைக்கோஸ் இன்னொரு வியப்பைத் தரும். அதை நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்த நீரில் வினிகர் விட்டால் நீர் சிவக்கும். முட்டையை அதில் போட்டுக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுக்கும் முட்டை நீலம்! முட்டைக்கோஸில் உள்ள ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பு, அமிலம் குறைந்தால் நீலம். ஓட்டின் கால்சியம் கார்பனேட் தன்னைத் தொடும் அமிலத்தை முறித்துவிடுவதால், ஓட்டை ஒட்டிய நிறம் மாறுகிறது. சாயத்தைப் பிடிப்பது தோல் என்றாலும் அடியிலிருக்கும் கல் சும்மா இருப்பதில்லை என்பதை இந்த நீலம் காட்டுகிறது.

கிளிஞ்சலும் அதே கல்

எண்ணூர்க் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒன்றை வினிகரில் போட்டுப் பாருங்கள். முட்டையைப் போலவே குமிழிவிடும். இரண்டும் கால்சியம் கார்பனேட். படிக அமைப்பு மட்டும் மாறலாம். முட்டை ஓடு கால்சைட். பல கடற்சிப்பிகளில் அரகோனைட். ஒன்றைக் கோழி ஒரே நாளில் கட்டுகிறது. மற்றதைச் சிப்பி உயிர் கடல்நீரிலிருந்து எடுத்து ஆண்டுக்கணக்கில் கட்டுகிறது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகும். நீர் தெளித்துத் தாளித்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். பழைய சென்னைக் கட்டடங்களில் பளிங்குபோல் மின்னிய ‘மெட்ராஸ் சுண்ணம்’ இப்படிக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் குழைக்கப்பட்டது. மேற்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்தார்கள். கல்லின்மேல் புரதத்தைச் சேர்த்து மெருகும் உறுதியும் ஏற்றிய கொத்தனார்கள், கோழி செய்யும் வேலையைச் சுவரில் செய்தார்கள்.

எந்தச் சாயம், எவ்வளவு நேரம்

ஓட்டில் துளைகள் உண்டு என்று பார்த்தோம். சாயம் சில சமயம் அவற்றின் வழியே உள்ளே போய் வெள்ளைக்கருவிலும் புள்ளிவைக்கும். ஆகவே தின்னப்போகும் முட்டைக்கு உண்ணத்தக்க சாயம் மட்டுமே. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள். உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தரும் பொடி வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது, மாதிரிகளில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான். கோலப்பொடி, போஸ்டர் பெயின்ட், ஃபேப்ரிக் பெயின்ட், மினுமினுப்புத் தூள் எல்லாம் வெற்று ஓட்டுக்கு மட்டும்.

அடுத்தது சூடு. வேகவைத்த முட்டையை அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஏப்ரலில் ராயபுரத்துப் பகல் அதைத் தாண்டியேதான் இருக்கும். எனவே சாயமிட்டதும் குளிர்பெட்டி. ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டுக்கு வெற்று ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தின்ன வேண்டியவை தட்டிலேயே இருக்கட்டும்.

பார்க்கும் முன் எழுதுவது

முட்டையை அழகுபடுத்தும் ஆசை மனிதருக்கு மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் பாறைக் குடிலில் ஏறத்தாழ 60,000 ஆண்டுக்கு முந்தைய, கோடு கீறிய தீக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்தன. மகாராஷ்டிரத்தின் பட்ணே என்ற ஊரில், ஏறத்தாழ 25,000 ஆண்டுக்கு முன் ஒருவர் தீக்கோழி ஓட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியிருக்கிறார்; இந்திய மண்ணில் தீக்கோழி திரிந்த காலம் அது. ஓட்டைக் கையில் எடுத்ததும் அதில் ஏதாவது செய்யத் தோன்றுகிறது. அந்த ஆர்வம் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் சேர்க்க வேண்டியது, ஒப்பிடும் பழக்கத்தை மட்டும்தான்.

அதற்கு ஒரு முறை சொல்கிறேன். ஒரு டஜன் முட்டை வாங்கினால், நான்கைக் கேள்விகளுக்கென்று ஒதுக்குங்கள். ஒன்றை வினிகர் கலந்த சாயத்தில் போடுங்கள். ஒன்றை வினிகர் இல்லாத சாயத்தில். மூன்றாவதன் ஒரு பாதியை மட்டும் முன்பே வினிகர்த் துணியால் அழுத்தித் தேய்த்துத் தோலை எடுத்துவிட்டுப் பிறகு வினிகர் கலந்த சாயத்தில். நான்காவதைச் சாயமிடாமல் அப்படியே வையுங்கள். சாயம், வெந்நீர், நேரம் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசத்துக்குக் காரணம் எது என்று சொல்ல முடியும்.

முட்டைகளை வெளியே எடுக்கும் முன், எது அடர்த்தியாக வரும், எது வெளிறும், தேய்த்த பாதி எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதட்டும். எடுத்த பிறகு ஒத்துப்பாருங்கள். ஊகம் பலித்தால் காரணம் கேளுங்கள். பலிக்காவிட்டால் இன்னும் ஆர்வத்தோடு கேளுங்கள். தேய்த்த பாதியில் என்ன வரும் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அதை உங்கள் வீட்டுத் தட்டு சொல்லட்டும்; அதன் முடிவை வைத்து, தோலைப் பற்றி நான் சொன்னது சரிதானா என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லட்டும்.